எரிபொருள் தாங்கி இடம் மாறிய கதை: ஹொண்டா பிட் காரும் உலகச் சந்தையும்

சாதாரண குடும்பமொன்று வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகைப் பணத்தைச் செலவிட்டு வாங்கும் பொருள் மோட்டார் வாகனமேயாகும். ஆயினும், அந்த வாகனம் எந்தத் தேவையை மனதிற்கொண்டு வடிவமைக்கப்பட்டது, எந்த நாட்டின் வரிச் சட்டத்துக்கு ஏற்ப அதன் நீளமும் எஞ்சினும் தீர்மானிக்கப்பட்டன என்பனவற்றை வாங்குவோர் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை. விற்பவரும் சொல்வதில்லை. எமது வீதிகளில் நாளாந்தம் காணப்படும் ஹொண்டா பிட் காரின் வரலாறு அந்த வகையில் அறியப்பட வேண்டிய ஒன்றாகும்.

2001 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜப்பானில் அறிமுகமான இந்தக் கார், ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் தென்கிழக்காசிய நாடுகளிலும் ஜாஸ் என்ற பெயரில் விற்பனையானது. ஜப்பான், சீனா, வட அமெரிக்கா, பிரேசில் ஆகிய இடங்களில் பிட் என்ற பெயரே நிலைத்தது. 2013 ஆம் ஆண்டளவில் உலகளாவிய விற்பனை 50 இலட்சத்தை எட்டியது. அத்தகைய காரை இன்று அமெரிக்காவிலோ, பிரேசிலிலோ, இந்தியாவிலோ புதிதாக வாங்க முடியாது. குடும்பங்களுக்குச் சிறிய கார் தேவைப்படாமற் போய்விட்டதா என்றால், அவ்வாறும் சொல்வதற்கில்லை.

பிட் காருக்கு முன்னர் அந்த இடத்தில் ஹொண்டா நிறுவனம் விற்றது லோகோ என்ற காராகும். 1996 இல் வெளிவந்த லோகோவில் பெரிய குறையென்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால், அதனை விரும்பி வாங்குவதற்கும் காரணம் இருக்கவில்லை. 1998 ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானிய அரசாங்கம் 660 சி.சி.க்கு உட்பட்ட 'கெய்' வகைக் கார்களின் அளவு வரம்பை அதிகரித்தது. வரிச் சலுகையுடைய அந்தச் சின்னஞ்சிறு கார்கள் முன்னரைவிட விசாலமாகின. அடுத்த சில மாதங்களில், 1999 ஜனவரியில், டொயோட்டா நிறுவனம் விட்ஸ் காரை வெளியிட்டது. யாரிஸ் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குச் சென்ற அதே கார், அங்கு 2000 ஆம் ஆண்டுக்கான சிறந்த காராகத் தெரிவு செய்யப்பட்டது. கீழிருந்து கெய் கார்களும் எதிரிலிருந்து விட்ஸும் நெருக்கிய நிலையில், லோகோவுக்குச் சந்தையில் இடமில்லாமற் போயிற்று.

இந்த நெருக்கடியில் ஹொண்டாவின் பொறியியலாளர்கள் எடுத்த தீர்மானம் கேட்பதற்கு மிக எளிமையானது. எரிபொருள் தாங்கியை இடம் மாற்றினார்கள்.

வழமையான சிறிய கார்களில் எரிபொருள் தாங்கி பின்னாசனத்துக்குக் கீழே வைக்கப்படுகின்றது. இதனால் பின்னாசனத்தின் அடிப்பாகத்தை ஒரு மட்டத்துக்குக் கீழே இறக்க முடியாது. ஆசனத்தை மடித்தாலும் பொதிகள் வைக்கும் தளம் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். பிட் காரில் சுமார் 42 லீற்றர் கொள்ளளவுடைய தாங்கி தட்டையாக்கப்பட்டு, முன்னாசனங்களுக்குக் கீழே, காரின் நடுப்பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னால் மிச்சமான வெற்றிடம் முழுவதும் குடும்பத்துக்கு உரியதாயிற்று.

பின்னாசனத்தின் முதுகுப் பகுதியை முன்னோக்கி மடித்தால், ஆசனமே கீழே இறங்கித் தளத்தோடு சமமாகப் படிந்துவிடும். அல்லது, இருக்கும் பகுதியை மட்டும் மேல்நோக்கி நிமிர்த்தி வைத்தால், தரையிலிருந்து கூரைவரை உயரமான ஓர் இடம் கிடைக்கும். பூச்சாடியோ, மடித்த சக்கர நாற்காலியோ, சிறுபிள்ளையின் சைக்கிளோ அங்கு நிமிர்ந்தவாறே நிற்கும். மூன்று மீற்றர் 83 சென்றிமீற்றர் நீளமுள்ள கார் ஒன்றில் இது சாத்தியமாகியமை, போட்டி நிறுவனங்களே எதிர்பார்த்திராத ஒன்றாகும். ஒரு வீட்டில் எவற்றையெல்லாம் ஏற்றி இறக்குவார்கள் என்பதை யாரோ பொறுமையாக இருந்து பார்த்திருக்கிறார்கள் என்றே எமக்குத் தோன்றுகின்றது. வார நாட்களில் பிள்ளைகளைப் பாடசாலைக்கும், வார இறுதியில் கடைக்கான சாமான்களையும் ஒரே வாகனத்தில் ஏற்றிச் செல்லும் சிறு வியாபாரிகள் இதன் அருமையை நன்கறிவர். இதற்கு ஒரு விலையும் இருந்தது. தாங்கியின் மேலே அமர்வதால் முன்னாசனம் சற்று உயரமாகவே இருக்கும். நெடிய உருவமுடைய சாரதிகள் சிலர் இதனைக் குறையாகக் கூறுவதுண்டு.

எஞ்சினும் இதே நோக்கில் அமைக்கப்பட்டது. முன்பக்கத்தைக் குறுக்கினால்தான் உட்புறத்தை நீட்டலாம் என்பதால், 1.3 லீற்றர் எஞ்சின் இயன்றவரை சிறிதாக்கப்பட்டது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தீப்பொறிச் செருகிகள் வீதம் எட்டு 'பிளக்'குகள் பொருத்தப்பட்டன. எரிபொருள் விரைவாகவும் முழுமையாகவும் எரிவதற்கான ஏற்பாடு இதுவாகும். லீற்றருக்கு 23 கிலோமீற்றர் என்பது அன்றைய ஜப்பானியச் சோதனை முறையில் பெறப்பட்ட பெறுபேறு. சோதனைக்கூடத்துப் பெறுபேறும் வீதியில் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. எட்டு பிளக்குகளையும் ஒரே தடவையில் மாற்ற நேரும் நாளில்தான் பழைய பிட் காரின் உரிமையாளர் அந்தத் தொழில்நுட்பத்தின் மறுபக்கத்தை அறிந்துகொள்வார்.

ஆரம்ப விலை 10 இலட்சத்து 65 ஆயிரம் யென்னாக நிர்ணயிக்கப்பட்டது. விசாலத்திலும் சிக்கனத்திலும் மேலதிக வசதியை வழங்கிய காரை இத்தகைய விலைக்குக் கொண்டுவந்தமை பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. அவ்வாண்டிலேயே ஜப்பானின் ஆண்டுக்கான சிறந்த கார் விருது அதற்குக் கிடைத்தது. அதனினும் முக்கியமானது அடுத்த ஆண்டில் நிகழ்ந்தது. 2002 இல் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான பிட் கார்கள் ஜப்பானில் விற்பனையாகி, 33 ஆண்டுகளாக முதலிடத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்காதிருந்த டொயோட்டா கொரொல்லாவைப் பின்தள்ளின. கொரொல்லாவை அசைக்க முடியாது என்று ஜப்பானிய வாகனத் துறையினர் நம்பியிருந்த காலம் அது. அசைத்தது அதனைவிடப் பெரிய கார் அல்ல, சிறிய கார்.

இனி, இந்தக் கார் உலகைச் சுற்றிய விதத்துக்கு வருவோம். ஒரே அடித்தளத்தின் மீது பல வாகனங்களை அமைப்பது ஹொண்டாவின் திட்டமாக இருந்தது. பிட் காரின் அடித்தளத்திலிருந்தே 2002 இல் சிட்டி என்ற நான்கு கதவுக் காரும், பிற்காலத்தில் எம்மவரிடையே பெருமதிப்புப் பெற்ற வெசல் வாகனமும் உருவாகின. பிரேசிலில் 2003 இல் உற்பத்தி ஆரம்பமாயிற்று. தாய்லாந்து, இந்தோனேசியா, சீனா ஆகிய நாடுகளிலும் தொழிற்சாலைகள் இயங்கின. 2005 இல் சீனாவின் குவாங்சோ நகரில் ஏற்றுமதிக்கென்றே அமைக்கப்பட்ட தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஜாஸ் கார்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. சீனாவில் தயாரான காரை ஐரோப்பியர் வாங்குவார்களா என்ற ஐயம் அன்று பலமாக இருந்தது. இன்று அந்த ஐயத்தை நினைத்தால் வியப்பாக இருக்கின்றது. 2009 இலிருந்து சில ஆண்டுகள் பிரித்தானியாவின் சுவிண்டன் தொழிற்சாலையிலும் ஜாஸ் தயாரிக்கப்பட்டது. அந்தத் தொழிற்சாலை 2021 இல் முற்றாக மூடப்பட்டது.

உலகுக்கு ஒரே கார் என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் எந்த இரண்டு நாடுகளிலும் அது முழுமையாக ஒரே காராக இருக்கவில்லை. ஜப்பானில் 1.7 மீற்றருக்கு மேற்படாத அகலமுடைய கார்கள் ஒரு தனி வகுதியாகக் கணிக்கப்படுவதால் பிட் அந்த எல்லையை மீறவில்லை. மூன்றாவது தலைமுறைக் கார் ஜப்பானில் நான்கு மீற்றருக்குள் அடங்கியது; அமெரிக்காவில் அதே கார் சற்று நீட்டப்பட்ட முன்பின் பம்பர்களுடன் நான்கு மீற்றரைத் தாண்டியது.

இந்தியாவின் அனுபவம் தனியாக நோக்கப்பட வேண்டியது. நான்கு மீற்றருக்கு உட்பட்ட நீளமும், பெற்றோல் எஞ்சினாயின் 1.2 லீற்றருக்கு மேற்படாத கொள்ளளவும் உடைய கார்களுக்கு இந்திய அரசாங்கம் 2006 இலிருந்து வரிச் சலுகை வழங்கியது. 2009 ஜூன் மாதம் ஜாஸ் அங்கு அறிமுகமானபோது, அதற்கென 1.2 லீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. சட்டத்தின் எல்லைக்குள் கார் கச்சிதமாக அமைந்துவிட்டது. ஆனால், ஏறத்தாழ 7 இலட்சம் இந்திய ரூபா என்ற ஆரம்ப விலை வாடிக்கையாளரின் எல்லைக்குள் அமையவில்லை. சுசுகி ஸ்விப்ட்டையும் ஹியுண்டாய் ஐ 20 ஐயும் வாங்கும் நடுத்தரக் குடும்பம், அதே அளவிலான காருக்கு மேலதிகமாக ஏன் செலுத்த வேண்டும் என்று கேட்டது. 2011 இல் விலை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாவினால் குறைக்கப்பட்டது. ஏற்கனவே வாங்கியவர்களின் மனம் எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 2013 இல் விற்பனை நிறுத்தப்பட்டு, 2015 இல் புதிய வடிவம் டீசல் எஞ்சினுடனும் வந்தது. 2023 இல் அதுவும் விடைபெற்றது. கார் மோசமானதென்று இந்தியாவில் எவரும் கூறவில்லை. ஜப்பானில் கொரொல்லாவை வீழ்த்திய அம்சங்களுள் பாதியானது விலை என்பதை அங்கு மறந்துவிட்டார்கள் என்பதே எமது கணிப்பு.

இயற்கையும் இந்தக் காரைச் சோதித்தது. 2011 அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா மாகாணத்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் ஹொண்டாவின் தொழிற்சாலை முற்றாக மூழ்கியது. நீரில் அகப்பட்ட 1,055 கார்களை, அவற்றின் ஒரு பாகமேனும் சந்தைக்குச் செல்லாதவாறு நிறுவனம் நசுக்கி அழித்தது. வெள்ளத்தில் நனைந்த வாகனங்கள் துடைத்து மினுக்கப்பட்டு விற்கப்படுவது உலகில் புதிய விடயமல்ல என்பதால், இந்தச் செயல் பாராட்டுக்குரியது. அமெரிக்காவுக்கான பிட் கார்கள் அதுவரை பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே அனுப்பப்பட்டன. ஒரு டொலர் 80 யென்னுக்கும் கீழே இறங்கிய காலத்தில் மலிவான காரை ஜப்பானில் தயாரித்து அமெரிக்காவில் விற்பது இலாபகரமானதாக இருக்கவில்லை. எனவே, 2014 இல் மெக்சிக்கோவின் செலாயா நகரில் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2018 ஜூன் மாதம் அதனையும் வெள்ளம் சூழ்ந்தது. முழுமையான உற்பத்தி மீண்டும் ஆரம்பமாகப் பல மாதங்கள் சென்றன.

எனினும், பிட் காரின் பெயருக்குப் பெரும் களங்கத்தை ஏற்படுத்தியது வெள்ளமல்ல, அவசரம்.

2010 அக்டோபரில் இரண்டாவது தலைமுறைக் காரில் ஹைபிரிட் வகை அறிமுகமானது. 1.3 லீற்றர் எஞ்சினுக்கு உதவியாகச் சிறிய மின் மோட்டார் ஒன்று இணைக்கப்பட்ட எளிய அமைப்பு அது. பற்றறி பின்தளத்துக்குக் கீழே வைக்கப்பட்டதால், மடிக்கும் ஆசனத்தின் வசதி கெடவில்லை. இலங்கையில் 'ஜீபி 1' என்று அறியப்படுவது இதுவே. 2013 செப்டெம்பரில் வந்த மூன்றாவது தலைமுறை ஹைபிரிட், அதாவது 'ஜீபி 5', முற்றிலும் வேறானது. 1.5 லீற்றர் எஞ்சின், லித்தியம் அயன் பற்றறி, மின் மோட்டார் உள்ளடங்கிய ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி என யாவும் புதியவை. லீற்றருக்கு 36.4 கிலோமீற்றர் என்ற பெறுபேறு அவ்வேளையில் ஜப்பானிலேயே அதியுயர்ந்ததாக விளம்பரப்படுத்தப்பட்டது. டொயோட்டாவின் சிறிய ஹைபிரிட் காரை ஒரு கிலோமீற்றரினாலேனும் முந்திவிட வேண்டும் என்ற வேகம் அந்த எண்ணில் தெரிகின்றது.

அடுத்த மாதமே முதலாவது மீளழைப்பு வந்தது. 2014 அக்டோபருக்குள், அதாவது ஏறத்தாழ ஓராண்டுக்குள், ஐந்து தடவைகள் இந்தக் கார்கள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன. கியர்பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருளின் கோளாறுகள் இவற்றுள் பிரதானமானவை. கார் புறப்படாமல் நின்றுவிடலாம் அல்லது எதிர்பாராமல் பாயலாம் என்பது சிறிய விடயமல்ல. ஐந்தாவது மீளழைப்பில் மாத்திரம் பிட், வெசல் உள்ளிட்ட 4 இலட்சத்து 25 ஆயிரம் வரையிலான வாகனங்கள் அடங்கின. அப்போதைய தலைவர் தகனோபு இத்தோ உள்ளிட்ட உயரதிகாரிகள் மூன்று மாதங்களுக்குத் தமது சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர். 2015 இல் அவர் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். தகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெடிக்கும்போது உலோகத் துண்டுகள் தெறித்த உலகளாவிய விவகாரமும் அதே காலப்பகுதியில் ஹொண்டாவை உலுக்கியது. பழைய பிட் கார்களும் அந்த மீளழைப்புப் பட்டியலில் இருந்தன.

நிறுவனம் பாடம் கற்றது என்றே கூற வேண்டும். நான்காவது தலைமுறைக் கார் 2019 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் காட்டப்பட்டபோதும், மின்முறை நிறுத்துப் பிரேக்கில் கண்டறியப்பட்ட குறை சீர்செய்யப்படும் வரை விற்பனை 2020 பெப்ரவரிக்குப் பிற்போடப்பட்டது. சிக்கலான இரட்டைக் கிளட்ச் முறை கைவிடப்பட்டு, இரண்டு மின் மோட்டார்களைக் கொண்ட வேறொரு ஹைபிரிட் முறை புகுத்தப்பட்டது. கண்ணாடிகள் அகன்றன, சாரதிக்கு வீதி நன்கு தெரிந்தது. முன்னாசனத்துக்குக் கீழிருந்த எரிபொருள் தாங்கி மட்டும் அங்கேயே இருந்தது.

ஆனால், உலகம் மாறிவிட்டிருந்தது. 2020 ஜூலையில், அடுத்த ஆண்டுக்கான பட்டியலில் பிட் இடம்பெறாது என அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. 2021 இல் பிரேசிலிலும், தாய்லாந்து, இந்தோனேசியா போன்ற நாடுகளிலும் சிட்டியின் ஐந்து கதவு வடிவம் அதன் இடத்தைப் பிடித்தது. அவுஸ்திரேலியாவும் கைவிட்டது. பிட் காரின் அடித்தளத்தின் மீதே அமைந்த, சற்று உயர்ந்த, ஆடம்பரத் தோற்றமுடைய வெசல் போன்ற வாகனத்தைக் கூடுதல் விலைக்கு விற்க முடியுமாயின், எந்த நிறுவனம் சிறிய காரை விற்க விரும்பும்? எரிபொருள் மலிவாக உள்ள நாட்டில் வாங்குபவரும் உயரமான வாகனத்தையே விரும்புகின்றார். குடும்பத்தின் தேவையைவிடத் தோற்றத்தின் கவர்ச்சிக்கே இன்றைய சந்தையில் இலாபம் அதிகம் என்பதே இந்த விலகலின் காரணமாகும்.

எமது நாட்டுக்கு இந்தக் கார் வந்த பாதை வேறானது. ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செலவுமிக்க கட்டாயப் பரிசோதனை உண்டு. அதனால் நல்ல நிலையிலுள்ள கார்களும் விரைவில் ஏலத்துக்கு வருகின்றன. எம்மைப் போலவே ஜப்பானியரும் வீதியின் இடதுபக்கமாக வாகனம் செலுத்துவதால், மாற்றமேதுமின்றி அவற்றைக் கப்பலேற்றலாம். 2010 களின் முற்பகுதியில் ஹைபிரிட் வாகனங்களுக்கு வழங்கப்பட்ட தீர்வைச் சலுகை, பிட் காரைக் கொழும்பிலிருந்து கல்முனை, யாழ்ப்பாணம் வரை கொண்டுசென்றது. அரச உத்தியோகத்தர், ஆசிரியர், வைத்தியர், கடை முதலாளி எனப் பலரும் வாங்கினர்.

ஆனால், ஜப்பானிய உரிமையாளருக்கு வீடு தேடி வரும் மீளழைப்புக் கடிதம், மூன்றாம் கை மாறி இங்கு வந்த காரின் உரிமையாளருக்கு வருவதில்லை. 2013, 2014 ஆம் ஆண்டுகளில் தயாரான ஜீபி 5 வாகனத்தை வாங்கியவர்களுள் எத்தனை பேர், அந்த ஐந்து திருத்தங்களும் ஜப்பானில் செய்யப்பட்டனவா என்று கேட்டிருப்பர்? உலர் கிளட்ச் முறையில் இயங்கும் அந்தக் கியர்பெட்டி, மாலை நேரக் காலி வீதியின் நெரிசலில் அடியடியாக ஊர்ந்து செல்லும்போது சூடேறுகின்றது. இது பழுதுபார்ப்போர் நன்கறிந்த விடயம். லீற்றருக்கு 36 கிலோமீற்றர் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியவர், பற்றறிக்கும் கிளட்ச்சுக்கும் இலட்சக்கணக்கில் செலவிட நேர்ந்தால் சேமித்த எரிபொருளின் கணக்கு எங்கே போய் முடியும்?

2022 இல் எரிபொருள் கியூ.ஆர். அட்டை முறை அறிமுகமானபோது, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் மாத்திரமே வழங்கப்பட்டது. அந்த நாட்களில் ஹைபிரிட் கார் வைத்திருந்தோர் அதிர்ஷ்டசாலிகளாகக் கருதப்பட்டனர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதி கிடைத்துள்ளது. எமது தீர்வை முறை எஞ்சினின் சி.சி. அளவைப் பிரதானமாகப் பார்க்கின்றது. வாகனத்தின் மீளழைப்பு வரலாற்றைப் பார்ப்பதில்லை. கப்பலிலிருந்து இறக்கப்படும் ஒவ்வொரு காரின் அடிச்சட்ட இலக்கத்தையும் கொண்டு, அதற்குரிய மீளழைப்புத் திருத்தங்கள் நிறைவேற்றப்பட்டனவா என்பதைத் தயாரிப்பு நிறுவனத்தின் ஜப்பானிய இணையத்தளத்திலேயே சில நிமிடங்களில் அறிந்துகொள்ளலாம். அந்தப் பெறுபேற்றை இறக்குமதியாளர் ஏலப் பத்திரத்துடன் சேர்த்து வாடிக்கையாளருக்கு எழுத்தில் வழங்க வேண்டுமென நிபந்தனை விதிப்பதற்கு அரசாங்கத்துக்கு ஒரு சதமும் செலவாகாது. அத்தகைய நிபந்தனை வரும்வரை, கார் வாங்கச் செல்லும் வாசகர்கள் அந்த இலக்கத்தைக் கேட்டுப் பெற்றுத் தாமே பார்த்துக்கொள்வது நல்லது.